இடம்மாறிய மேற்கோள்: பள்ளித் தமிழ்க் கட்டுரையும் வாதிடும் எழுத்தும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கட்டுரை எழுதாமல் எந்த மாணவரும் மேல்வகுப்புக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ்த் தாளில் 100 மதிப்பெண்களில் 8 மதிப்பெண் கட்டுரைக்கு உரியது. வினாவுடனேயே ஒரு குறிப்புச் சட்டகமும் தரப்படுகிறது: முதலில் முன்னுரை, நடுவில் மூன்று நான்கு உட்தலைப்புகள், கடைசியில் முடிவுரை. மாணவர் அந்தக் கட்டங்களை நிரப்புகிறார். ஆண்டுக்கணக்கில் தொடரும் இந்தப் பயிற்சி கையெழுத்தையும் பத்தி பிரிக்கும் பழக்கத்தையும் தருகிறது. ஆனால் மக்கள் உண்மையாகவே மாறுபடும் ஒரு செய்தியில் நிலைப்பாடு எடுத்து, அதற்குக் காரணம் காட்டி, எதிர்க்கருத்துக்கு விடை சொல்லும் எழுத்தை அது கற்றுத்தருவதில்லை. வாதக் கட்டுரை என்று சொல்லத்தக்கது இந்த இரண்டாவது வகைதான்.

இந்தக் குறைக்கு மாணவரின் சோம்பலோ ஆசிரியரின் அக்கறையின்மையோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. குறை கட்டுரையின் வடிவத்திலேயே இருக்கிறது.

தலைப்பிலேயே தீர்ப்பு

பள்ளிக் கட்டுரைகளுக்குத் தரப்படும் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். நூலகத்தின் பயன்கள், மதுவின் தீமைகள், மரம் வளர்ப்போம், நீர்நிலைகளைப் பாதுகாப்போம், சாலை விதிகளை மதிப்போம். முதல் வகைத் தலைப்பு, பயனா தீமையா என்பதை முன்பே சொல்லிவிடுகிறது. இரண்டாம் வகை இன்னும் நுட்பமானது. 'வளர்ப்போம்', 'காப்போம்', 'ஒழிப்போம்' என்பவை தன்மைப் பன்மை வினைமுற்றுகள். மாணவர் பேனாவைத் திறப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்ட ஒரு 'நாம்' என்ற கூட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டுவிடுகிறார். மரம் வளர்க்கக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லாத இடத்தில் மரத்துக்காக வாதாட வேண்டிய தேவையும் இல்லை. எனவே கட்டுரை புகழ்ச்சியாகவோ புலம்பலாகவோ முடிகிறது.

இத்தகைய தலைப்புகள் பாதுகாப்பானவை என்பதை மறுக்க முடியாது. பல்லாயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பல ஊர்களில் பல ஆசிரியர்கள் திருத்தும் தேர்வில், திருத்துபவரின் கருத்துக்கு மாறாக எழுதிவிட்டோமோ என்ற அச்சம் மாணவருக்கு வரக் கூடாது. குறிப்புச் சட்டகமும் அப்படித்தான். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு வெற்றுத்தாளின் முன்னால் அது ஒரு கைத்தடி. அதைப் பிடுங்கிக்கொண்டு 'சுதந்திரமாக எழுது' என்பவர்கள், பெரும்பாலும், சட்டகம் தேவைப்படாத வீடுகளிலிருந்து வந்தவர்கள். சட்டகம் இருக்கட்டும், அதில் எந்தக் கட்டம் விடுபட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சொல்லின் பயணம்

விடுபட்டது எது என்பதை 'மேற்கோள்' என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. இன்று எந்த மாணவரைக் கேட்டாலும் மேற்கோள் என்றால் கட்டுரைக்கு நடுவே எடுத்தாளப்படும் குறள், பாரதியார் பாடல் வரி, அறிஞர் பொன்மொழி என்றுதான் சொல்வார். அதைத் தனி வரியில் எழுதி அடிக்கோடிட்டால் மதிப்பெண் கூடும் என்பது வகுப்பறை நம்பிக்கை. பெரும்பாலும் அது பொய்ப்பதும் இல்லை.

தமிழ்த் தருக்க மரபில் மேற்கோள் என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. ஒருவர் மேற்கொண்டு நிறுவப்போகும் கருத்து அது. சைவ சித்தாந்தத்தின் முதல் நூலாகக் கொள்ளப்படும் சிவஞானபோதத்தில் சூத்திரக் கருத்துகள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் விளக்கப்படுகின்றன. மேற்கோள் என்பது சொல்பவரின் சொந்த நிலைப்பாடு. ஏது அதற்கான காரணம். எடுத்துக்காட்டு அந்தக் காரணம் செல்லும் என்பதைத் தெரிந்த ஒன்றைக் கொண்டு காட்டுவது. அந்த வரிசையில் மேற்கோள் சொல்பவர் பொறுப்பேற்க வேண்டிய ஒன்று. இன்றைய கட்டுரையில் அது வேறொருவரின் பொறுப்பில் விடப்படுவது. எடுத்தாளும் வரி என்ற பொருள் தவறல்ல; அதுவும் நெடுநாள் வழக்கில் உள்ளதே. ஆனால் பள்ளிக்கூடம் இரண்டு பொருள்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டது. 'உன் மேற்கோள் என்ன?' என்று கேட்டால் மாணவர் திருக்குறளைப் புரட்டுகிறார்.

மணிமேகலையில் இந்தப் பாடம் இன்னும் விரிவாக நடக்கிறது. 27ஆம் காதையில் வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்ட மணிமேகலை, காஞ்சிக்கு வந்த பிறகு 29ஆம் காதையில் அறவண அடிகளிடம் அளவை நூல் கற்கிறாள். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று கருத்தளவையின் ஐந்து உறுப்புகள் சொல்லப்படுகின்றன. பின்னிரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்பது அறவண அடிகளின் பௌத்த நிலை. எடுத்துக்காட்டு எளிமையானது: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் புகை இருக்கும்போது நெருப்பும் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதோடு நிற்காமல் போலி வாதங்களும் வகைப்படுத்தப்படுகின்றன. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. காப்பிய வாசகர்கள் அலுப்போடு தாண்டிப்போகும் பகுதி இது. ஓர் இளம்பெண்ணுக்கு எது காரணம், எது காரணம்போல் தோன்றுவது என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டும் ஆசிரியர் ஒருவர் தமிழின் தொடக்கக் காப்பியம் ஒன்றில் இருக்கிறார் என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கோவலன் மகள், அமுதசுரபி, பசிப்பிணி என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

எதிராளி எங்கே?

நிலைப்பாடும் காரணமும் இருந்தால் மட்டும் வாதம் ஆகிவிடாது. மாறுபடுகிறவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகளாக அமைந்தது. பிறர் கொள்கை முதலில். தன் கொள்கை பிறகு. பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கி ஒவ்வொருவர் மதமும் முதலில் சொல்லப்பட்டு, அடுத்து அதற்கு மறுதலை வருகிறது. அவர் எதிராளிகளுக்கு முழு நியாயம் செய்தாரா என்பது விவாதத்துக்கு உரியது. சமயப் போட்டியில் எழுதப்பட்ட நூல் அது. ஆயினும் எதிர்க்கருத்தைச் சொல்லாமல் தன் கருத்துக்குப் போவது நூலுக்கு அழகல்ல என்ற கட்டுப்பாடு அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

இலக்கணத்திலும் இதற்கு இடம் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க ஏழு மதங்களைக் குறிக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, பிறரோடு சேராமல் தன் கருத்தையே கொள்வது. இவற்றில் ஐந்தைப் பிறர் சொன்னதைத் தொடாமல் செய்யவே முடியாது. நூல் எழுதுவோருக்கான இலக்கணத்தைப் பதினைந்து வயது மாணவரின் தேர்வுக் கட்டுரையோடு ஒப்பிடுவது மிகை என்று சொல்லலாம். ஆனால் அதே நன்னூலின் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் போன்றவற்றை ஆசிரியர்கள் மாணவர் கட்டுரையைத் திருத்தத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள். குற்றப் பட்டியல் மாணவருக்குப் பொருந்துமென்றால் மதப் பட்டியலும் பொருந்தும்.

மணிமேகலையில் டூல்மினைக் கண்டுபிடிப்பது, நன்னூலில் நவீன கல்வியியலைத் தேடுவது ஆகியவை வெறும் பெருமைப் பேச்சாகப் போய்விடும் ஆபத்து உண்டு. இங்கே சொல்லவருவது அதுவல்ல. வாதிடும் எழுத்துக்குத் தமிழில் கலைச்சொல் இல்லை, அதனால்தான் கற்பிக்க முடியவில்லை என்று சொல்ல வழியில்லை என்பதே.

பட்டிமன்றம் கற்றுத்தருவது

எதிர்வாதம் என்றதும் தமிழ் மாணவர் மனத்தில் எழும் உருவம் பட்டிமன்றம். இதுவும் பழைய வேர் உள்ள சொல். புகார் நகர விழாவில் சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கப்படும் காட்சி மணிமேகலையிலேயே வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் குன்றக்குடி அடிகளார் போன்றோர் கோயில் விழா மேடைகளில் இலக்கியப் பட்டிமன்றத்தை வளர்த்தார்கள். தொலைக்காட்சி அதைப் பண்டிகை நாள் காலை நிகழ்ச்சியாக்கியது.

மேடையில் கூச்சமில்லாமல் பேசும் துணிவைப் பட்டிமன்றம் பல மாணவர்களுக்குத் தந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் எழுத்துக்கு அது நல்ல முன்மாதிரி அல்ல. அணி முன்பே பிரித்துத் தரப்படுகிறது. தன் அணியை விட்டுக்கொடுப்பது தோல்வி. எதிரணியின் வலுவான காரணத்துக்கு ஒரு நகைச்சுவை விடையாகிவிடுகிறது. கைதட்டல் கிடைத்தால் அந்தக் காரணம் செத்துவிட்டதாகப் பொருள். எடைபோடும் வேலையை நடுவர் பார்த்துக்கொள்கிறார். வாதக் கட்டுரை எழுதுகிறவரோ இரண்டு அணியாகவும் நடுவராகவும் தாமே இருந்தாக வேண்டும். எதிரணி சொன்னதில் இந்தப் பகுதி சரி என்று ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தைப் பட்டிமன்ற மேடையில் எந்தப் பேச்சாளரும் சொல்ல முடியாது. கட்டுரையில் பல சமயம் அந்த வாக்கியம்தான் வாசகரின் நம்பிக்கையைப் பெறுகிறது.

அமெரிக்காவின் ஐந்து பத்தி

சட்டகத்தை நிரப்பும் கட்டுரை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்கப் பள்ளிகளில் ஐந்து பத்திக் கட்டுரை என்ற வடிவம் நெடுங்காலமாக ஆட்சி செய்கிறது: அறிமுகம், மூன்று காரணங்களுக்கு மூன்று பத்தி, முடிவு. கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வில் 2005இல் 25 நிமிடக் கட்டுரை சேர்க்கப்பட்டபோது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்துப் பயிற்சி தந்துவந்த லெஸ் பெரல்மேன் வெளியான மாதிரி விடைகளை ஆராய்ந்தார். நீளமான கட்டுரைக்கே மதிப்பெண் கூடுகிறது என்றும், தகவல் பிழைகள் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்றும் அவர் காட்டியது பெரும் விவாதமானது. அந்தப் பகுதி 2016இல் மாற்றி அமைக்கப்பட்டு விருப்பத் தேர்வானது. 2021இல் பொதுவாகக் கைவிடப்பட்டது. பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண் என்ற தமிழ்நாட்டு மாணவரின் கணக்கு அங்கேயும் செல்லுபடியாகியிருக்கிறது.

2010இல் வெளியான காமன் கோர் பாடத்தரங்கள் வாதத்தை எழுத்துப் பயிற்சியின் முதல் இனமாக வைத்தன. ஏழாம் வகுப்பிலிருந்தே மாற்றுக் கருத்து இருப்பதை மாணவர் தம் எழுத்தில் குறிப்பிட வேண்டும் என்பது அதில் வெளிப்படையான எதிர்பார்ப்பு. தரம் எழுதிவைத்தால் எழுத்து வந்துவிடாது. அங்கும் பல வகுப்பறைகளில் எதிர்வாதம் என்பது கடைசியில் ஒட்டப்படும் நான்காவது கட்டமாகிப் போனது.

இந்த இடத்தில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹில்லாக்ஸின் அணுகுமுறை கவனிக்கத்தக்கது. 2011இல் வெளியான தம் நூலில் அவர் மாணவர்களுக்குத் தலைப்பைத் தருவதில்லை. ஒரு படத்தைத் தருகிறார். மாடிப்படியில் ஆர்தர் என்பவர் இறந்து கிடக்கிறார். கையில் மதுக்கோப்பை. படியில் தவறி விழுந்துவிட்டார் என்று மனைவி க்வீனி நண்பர்களிடம் சொல்கிறாள். அவள் சொல்வது உண்மையா? மாணவர்கள் படத்தை உற்றுப் பார்க்கிறார்கள். கோப்பை இன்னும் கையிலேயே இருக்கிறதே என்று ஒருவர் சொல்கிறார். அதனால் என்ன என்று ஆசிரியர் கேட்கிறார். விழுகிறவர் கையில் இருப்பதை விட்டுவிட்டு எதையாவது பிடிக்கத்தான் பார்ப்பார் என்று விடை வருகிறது. ஆசிரியர் எதிர்பார்த்துக் காத்திருந்த வாக்கியம் அதுதான். கையில் கோப்பை இருப்பது சான்று. விழுகிறவர்கள் பொதுவாக எப்படி நடந்துகொள்வார்கள் என்பது அந்தச் சான்றை முடிவோடு இணைக்கும் விதி. பிரித்தானியத் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் தம் நூலில் விளக்கிய வாத அமைப்பு இதன் பின்னால் இருக்கிறது. அறவண அடிகளின் அடுக்களை செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான்: புகையை நெருப்போடு கட்டிவைப்பது.

ஹில்லாக்ஸின் பயிற்சியில் முக்கியமானது வரிசை. சான்றைப் பார்ப்பது முதலில், நிலைப்பாடு பிறகு. பள்ளித் தமிழ்க் கட்டுரையில் நிலைப்பாடு தலைப்பிலேயே வந்துவிடுவதால் சான்று அலங்காரமாக மட்டுமே நுழைய முடிகிறது.

ஓர் ஏரியும் ஒரு பேருந்து நிலையமும்

நீர்நிலைகளைப் பாதுகாப்போம் என்ற தலைப்பில் வழக்கமான கட்டுரை எப்படிப் போகும் என்பது தெரிந்ததே. வான்சிறப்பிலிருந்து ஒரு குறள். ஏரிகள் முன்னோர் தந்த செல்வம். அவற்றை அழிப்பது தாயை அழிப்பதற்குச் சமம். ஆகவே ஏரிகளைக் காப்போம், எதிர்காலம் காப்போம். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் கீழே நகராட்சித் தலைவர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டுவிட்டு, மறுநாளே ஏரியில் பேருந்து நிலையத்துக்கு அடிக்கல் நாட்டலாம். அவரைத் தடுக்கக்கூடிய ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை.

தலைப்பைக் கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம்: ஊர் ஏரியில் புதிய பேருந்து நிலையம் கட்டலாமா? இப்போது மறுபக்கத்துக்கும் வாய் வந்துவிடுகிறது. ஏரி நிரம்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை நம்பியிருந்த ஆயக்கட்டு நிலம் வீட்டுமனையாகிவிட்டது. பழைய நிலையத்தில் பேருந்து திரும்பவே இடமில்லை. ஊருக்கு அருகில் வேறு புறம்போக்கு இல்லை. தனியார் நிலம் எடுத்தால் இழப்பீடு தர வேண்டும். இவை முட்டாள்தனமான காரணங்கள் அல்ல. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நீர்நிலைகள் மேல் கட்டடங்கள் எழுந்தது இத்தகைய காரணங்களைச் சொல்லித்தான்.

இந்தக் காரணங்களின் முன்னால் 'முன்னோர் தந்தது' என்ற ஏது நிற்காது. முன்னோர் தந்த எல்லாவற்றையும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. அறவண அடிகள் அதை ஏதுப் போலியின் பக்கம் ஒதுக்கியிருப்பார். மாணவர் வேறு காரணம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஏரி ஏன் நிரம்பவில்லை? மழை இல்லையா, வரத்துக்கால்வாய் அடைபட்டதா? கடைசியாகப் பெருமழை பெய்தபோது தண்ணீர் எங்கே போய் நின்றது? சுற்றியுள்ள வீடுகளின் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது? இவற்றுக்கு விடை கைடில் கிடைக்காது. தாத்தாவிடமும் பக்கத்துத் தெருவிலும் கிடைக்கும்.

அப்படி விசாரித்த மாணவர் எழுதக்கூடிய பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'பழைய பேருந்து நிலையம் போதவில்லை என்பது உண்மை. ஏரி பல ஆண்டுகளாக நிரம்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஏரி நிரம்பாததற்குக் காரணம் மழை குறைந்தது அல்ல. வரத்துக்கால்வாய் பள்ளிக்கூடத் தெருவுக்குப் பின்னால் அடைபட்டிருக்கிறது. சென்ற பெருமழையில் அந்தத் தெருவில்தான் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஏரிக்குப் போக வேண்டிய நீர் அது. ஏரியில் கட்டடம் வந்தால் அந்த நீருக்கு இனி எப்போதும் போக்கிடம் இருக்காது.'

இதில் பொன்மொழி இல்லை, உவமை இல்லை. 'உண்மை' என்று இரண்டு முறை விட்டுக்கொடுத்திருக்கிறது. நகராட்சித் தலைவர் இதற்குக் கையெழுத்திட்டுவிட்டுப் போக முடியாது. விடை சொல்ல வேண்டும். கால்வாயை வேறு பக்கம் திருப்புவோம் என்று அவர் சொல்லலாம். அப்போது வாதம் தொடரும், மாணவரும் அடுத்த பத்தியை எழுத வேண்டியிருக்கும். பள்ளி முடிந்த பிறகு இந்த மாணவர் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளுக்கு மனு எழுதும்போதும், கைப்பேசியில் வந்த வதந்தியைப் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும்போதும் கைகொடுக்கப் போவது இந்தப் பத்தி எழுதிய பழக்கம்தான்.

மதிப்பெண் பங்கீடு

மாற்றம் கேட்டால் எழும் முதல் மறுப்பு, கருத்துக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்பது. கருத்துக்கு இட வேண்டியதில்லை. ஏரியில் கட்டலாம் என்று எழுதுகிறவரும் கட்டக் கூடாது என்று எழுதுகிறவரும் ஒரே மதிப்பெண் பெறலாம். நிலைப்பாடு தெளிவாக இருக்கிறதா, காரணம் நிலைப்பாட்டோடு பொருந்துகிறதா, எதிர்க்கருத்து உள்ளபடி சொல்லப்பட்டு விடை தரப்பட்டிருக்கிறதா என்பவை திருத்துபவரின் சார்பைப் பொறுத்தவை அல்ல. இரண்டாவது மறுப்பு கனமானது: நாற்பது ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு கட்டுரையையும் காரணம் காரணமாகப் படித்துத் திருத்த ஆசிரியருக்கு நேரம் எங்கே? முழுக் கட்டுரை வேண்டாம். வாரம் ஒரு பத்தி போதும், அதையும் மாணவர்களே ஒருவர் பத்திக்கு மற்றவர் மறுப்பு எழுதும்படி விட்டுவிடலாம் என்பது ஓரளவு விடை. முழு விடை வகுப்பின் அளவில் இருக்கிறது. அது கட்டுரையாசிரியர்கள் கையில் இல்லை.

குறிப்புச் சட்டகத்தைத் தூக்கியெறியாமலே ஒன்றைச் செய்து பார்க்க முடியும். உட்தலைப்புகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'மாற்றுக் கருத்தும் மறுமொழியும்' என்று ஒரு கட்டம் வைத்து, 8 மதிப்பெண்ணில் 2 மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்கினால் போதும். மறு ஆண்டே கைடு அச்சிடுவோர் அந்தக் கட்டத்துக்கும் ஆயத்தப் பத்தி தயாரித்துவிடுவார்கள் என்பது உறுதி. அதற்காகத்தான் தலைப்பில் 'உங்கள் ஊரில்' என்ற இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன.